தில்லியின் குளிர்காலத் தண்ணீர்த் தட்டுப்பாடு

தில்லி மாநகரில் கோடையில் தண்ணீர் குறைவது இயல்பு. ஆனால், பனி மூடிய மார்கழி, தை மாதங்களிலும் சில நாள்கள் குழாய்களில் நீர் வருவதில்லை. தமிழர் பலர் நெடுங்காலமாக வாழ்ந்துவரும் கரோல் பாக் போன்ற பகுதிகளுக்கு, யமுனை நீரில் அம்மோனியா மிகுந்துவிட்டது என்னும் அறிவிப்பு பலமுறை வந்துள்ளது. ஆற்றில் நீர் இருந்தும் அதனைப் பயன்படுத்த முடியாமற்போவது ஏன்?

தில்லியின் வடபகுதியில் வசீராபாத் என்னுமிடத்தில் யமுனையின் குறுக்கே தடுப்பணை ஒன்று உள்ளது. அங்குத் தேங்கும் நீரை வசீராபாத், சந்திராவல் ஆகிய சுத்திகரிப்பு நிலையங்கள் எடுத்துத் தூய்மை செய்கின்றன. அந்நீர் தில்லியை அடையுமுன் அரியானா மாநிலத்தின் பானிபட், சோனிபத் பகுதிகளைக் கடந்து வருகிறது. பானிபட் போர்வைகளுக்கும் தரைவிரிப்புகளுக்கும் பெயர்பெற்ற ஊர். அங்குள்ள சாயப்பட்டறைகளின் கழிவும் ஊர்ச் சாக்கடை நீரும் வாய்க்கால்கள் வழியே ஆற்றில் கலக்கின்றன. சோனிபத் பகுதியில் நன்னீர் வாய்க்காலும் கழிவுநீர் வாய்க்காலும் அருகருகே ஓடுகின்றன. இடைக்கரை உடைந்தாலோ கழிவுநீர் வழிந்தாலோ இரண்டும் ஒன்றாகிவிடும். மழைக்காலத்தில் வெள்ளம் இக்கழிவை நீர்க்கச் செய்கிறது. குளிர்காலத்திலோ ஆற்றின் நீர்வரத்து குறைகிறது. கழிவின் அளவு குறைவதில்லை.

குடிநீரில் அம்மோனியா லிட்டருக்கு 0.5 மில்லிகிராமுக்கு மிகலாகாது என்பது இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் வரையறை. சிக்கல் அம்மோனியாவோடு நிற்பதில்லை. கிருமிகளை அழிக்க நீரில் குளோரின் சேர்க்கப்படுகிறது அல்லவா? அம்மோனியா இருப்பின், குளோரின் முதலில் அதனோடு வினைபுரிந்து குளோரமின் என்னும் சேர்மங்களாக மாறிவிடும். கிருமிகளை அழிப்பதில் இவை குளோரினைவிட மிகவும் ஆற்றல் குறைந்தவை. அம்மோனியா முழுவதையும் நீக்க, அதிலுள்ள நைட்ரஜனின் எடையைப்போல் எட்டு முதல் பத்து மடங்கு குளோரின் வேண்டும். அவ்வளவு குளோரினைச் சேர்த்தால், நீரிலுள்ள கரிமப் பொருள்களோடு அது கலந்து உடலுக்குக் கேடு செய்யும் வேறு சேர்மங்கள் உண்டாகக்கூடும். ஆகவே, அம்மோனியாவின் அளவு லிட்டருக்கு ஏறத்தாழ 1 மில்லிகிராமைத் தாண்டினால், நிலையங்கள் உற்பத்தியைக் குறைக்கின்றன. சில வேளைகளில் அடியோடு நிறுத்துகின்றன.

அந்நாள்களில் தில்லி குடிநீர் வாரியம் லாரிகளில் நீர் அனுப்புகிறது. முனக் கால்வாயின் நன்னீரை வசீராபாத்துக்குத் திருப்பிக் கழிவை நீர்க்கச் செய்கிறது. கூடுதல் நீர் விடுமாறு அரியானாவைக் கேட்கிறது. இவை அன்றைய தாகத்தைத் தணிப்பவையே. நோய் பானிபட்டில் இருக்க, மருந்து வசீராபாத்தில் தரப்படுகிறது.

கழிவை அது பிறக்கும் இடத்திலேயே தடுக்கச் சட்டம் இல்லாமலில்லை. 1974ஆம் ஆண்டின் நீர் மாசுத் தடுப்புச் சட்டத்தின்படி, கழிவுநீரை வெளியேற்றும் ஆலை எதுவும் மாநில மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இசைவைப் பெற வேண்டும். விதியை மீறும் ஆலையை மூடவும், அதன் மின்சாரத்தைத் துண்டிக்கவும் 1988ஆம் ஆண்டுத் திருத்தம் வாரியங்களுக்கு அதிகாரம் அளித்தது. எனினும், ஆலை ஒரு மாநிலத்திலும் குடிப்பவர் மறு மாநிலத்திலும் இருக்கும்போது, அவ்வதிகாரம் மெதுவாகவே நகர்கிறது. இசைவின்றி இயங்கும் சிறு பட்டறைகளைக் கண்டறிவதும் எளிதன்று.

இந்நிலையில் தில்லி குடிநீர் வாரியம் உச்ச நீதிமன்றத்தை நாடியது. 2021ஆம் ஆண்டு சனவரியில் அந்நீதிமன்றம், மாசற்ற நீரைப் பெறுவது வாழும் உரிமையுள் அடங்கும் என்று கூறி, நாட்டின் மாசடைந்த ஆறுகளைப் பற்றித் தானாகவே வழக்கு ஒன்றை எடுத்துக்கொண்டது. அதில் முதலில் நின்றது யமுனையே.

ஆயினும், தில்லியும் முறையிடும் இடத்தில் மட்டும் இல்லை. வசீராபாத் தடுப்பணைக்குச் சற்றுக் கீழே நஜஃப்கர் வடிகால் தில்லியின் கழிவை யமுனையில் கொட்டுகிறது. அந்த நீர் மதுராவைக் கடந்து ஆக்ராவை அடைகிறது. நெடுங்காலம் யமுனையையே நம்பியிருந்த ஆக்ரா, பின்னர்க் கங்கை நீரைத் தொலைவிலிருந்து குழாய்வழியே கொண்டுவர வேண்டியதாயிற்று.