சமயச் சொல்லும் வீட்டுமொழியும்: தமிழ்க் கிறித்தவ வழக்கில் பண்பாட்டு ஏற்பு

1. முன்னுரை

ஒரு சமயம் புதிய மண்ணில் வேரூன்றும்போது, அதனை ஏற்போர் முன் எழும் முதல் வினாக்கள் மொழி பற்றியனவாகவே அமைகின்றன. இறைவனை எப்பெயரால் விளிப்பது? வழிபாட்டுச் செயல்களை எச்சொற்களால் சுட்டுவது? பிறந்த குழந்தைக்கு என்ன பெயர் இடுவது? இவற்றிற்கு ஒரு சமுதாயம் காணும் விடைகளைக் கொண்டு, அதன் சமயம் மக்களின் அன்றாட வாழ்வோடு எந்த அளவு இணைந்துள்ளது என்பதை மதிப்பிடலாம். இக்கட்டுரை தமிழ்க் கிறித்தவ வழக்கிலுள்ள சில சொற்களையும் பெயர்களையும் இசைப்பாடல்களையும் சான்றாகக் கொண்டு இதனை ஆராய்கிறது.

2. உலகியற் சொல் சமயச் சொல்லாதல்

சமயச் சொற்கள் பலவும் உலகியல் வழக்கிலிருந்து பிறந்தவையே. சங்க இலக்கியத்தில் கோயில் என்பது அரசன் வாழும் இல்லம். திருக்குறளின் இறைமாட்சி என்னும் அதிகாரம் அரசனைப் பற்றியது. ஆண்டவர் என்னும் சொல்லின் அடி ஆளுதலைக் குறிக்கும் ‘ஆள்’ என்பதே. இச்சொற்கள் பின்னர்ச் சமயப் பொருள் பெற்றன. எனவே ஒரு சொல் ஒரு சமயத்திற்கே உரியது என்று கொள்வதற்கு மொழிவரலாறு இடந்தரவில்லை.

கிறித்தவத்தின் மூல நூலிலும் இதே நிலையைக் காணலாம். புதிய ஏற்பாடு அக்காலக் கிரேக்கப் பொதுவழக்கில் எழுதப்பட்டது. திருச்சபையைக் குறிக்கும் எக்ளேசியா என்னும் கிரேக்கச் சொல் அதற்கு முன் குடிமக்கள் கூட்டத்தைக் குறித்தது. திருமுழுக்கைக் குறிக்கும் வினைக்கு முழுக்குதல், அமிழ்த்துதல் என்பனவே அடிப்படைப் பொருள். அப்போஸ்தலர் என்பதன் மூலச்சொல்லுக்கு ‘அனுப்பப்பட்டவர்’ என்பது பொருள். கேட்டவர்க்கு இவை தெரிந்த சொற்களாகவே இருந்தன.

3. தமிழில் மூன்று வழிகள்

தமிழில் கிறித்தவக் கலைச்சொற்கள் மூன்று வழிகளில் அமைந்தன. முதலாவது, ஒலிபெயர்த்துக் கடன் பெறுதல். போர்த்துகீசியம் வழி வந்த பாதிரி, குருசு போன்றவையும், சீரிய மொழி வழி வந்த சிலுவையும் இவ்வகையின. இரண்டாவது, பிற சமயங்களின் வழிபாட்டு வழக்கிலிருந்தும் வடமொழியிலிருந்தும் எடுத்தாளுதல். பூசை, சற்பிரசாதம், ஞானஸ்நானம், வேதாகமம் ஆகியன சான்றுகள். மூன்றாவது, பொதுவழக்குத் தமிழிலிருந்து ஆக்குதல். நற்செய்தி, திருமுழுக்கு, திருத்தூதர், திருவிருந்து ஆகியன இவ்வகையின.

கடவுளைக் குறிக்கும் சொல்லின் வரலாறு இம்முயற்சிகளின் நீளத்தைக் காட்டும். 1578-இல் கொல்லத்தில் அச்சான நூல் தன் தலைப்பிலேயே ‘தம்பிரான்’ என்னும் சொல்லைக் கொண்டது. அதன்பின் சர்வேசுரன், பராபரன் ஆகியவை வழங்கின. 1871-இல் வெளிவந்த பவர் திருப்புதலில் ‘தேவன்’ நிலைபெற்றது. கத்தோலிக்கரும் பிற சபையினரும் இணைந்து 1995-இல் வெளியிட்ட திருவிவிலியம் ‘கடவுள்’ என்பதை ஆண்டது.

மூன்றாம் வகையில் ‘திரு’ என்னும் முன்னடை ஆற்றும் பணி கருதத்தக்கது. முழுக்கு, விருந்து, தூதர் ஆகியவை எவரும் அறிந்த சொற்கள். எண்ணெய் முழுக்கு வீட்டு வழக்கம். தூது திருக்குறளில் ஓர் அதிகாரத்தின் பெயர். திரு என்னும் அடை சேர்ந்ததும், பொருள் தெளிவு குன்றாமலே அவை சமயச் சொற்களாகின்றன.

எனினும், தமிழ்ச்சொல் தெளிவானது, வடசொல் தெளிவற்றது என்று பொதுவாகக் கூறிவிட இயலாது. சுவிசேஷம் என்பதை நோக்குக. ‘என்ன விசேஷம்?’ என்று செய்தி வினவும் வழக்கு இன்றும் உண்டு. அவ்வகையில் சுவிசேஷம் என்பதும் நல்ல செய்தி என்றே பொருள்படும். ஆனால் நெடுங்காலம் ஒரு நூற்பகுதியின் பெயராகவே வழங்கியதால், பேசுவோர் அதனைப் பிரித்துப் பொருள் காண்பதில்லை. நற்செய்தி என்பதும் காலப்போக்கில் இந்நிலையை அடையலாம். சொல்லின் உயிர் அதன் பிறப்பைவிடப் பயன்பாட்டையே சார்ந்துள்ளது.

4. பெயர்கள்

ஆட்பெயர்களிலும் இவ்வேறுபாடு உண்டு. ஜோசப் என்னும் பெயரின் போர்த்துகீசிய வடிவம் ‘சூசை’ என ஒலிபெயர்ந்தது. பெருகுதலைக் குறிக்கும் அதன் எபிரேயப் பொருளையொட்டி, வீரமாமுனிவர் தம் தேம்பாவணியில் ‘வளன்’ என்று பெயரிட்டார். இறைவனின் அருளைச் சுட்டும் யோவான் என்னும் பெயர் கத்தோலிக்க வழக்கில் அருளப்பர் ஆயிற்று. சிறியவர் எனப் பொருள்படும் பவுல் சின்னப்பர் ஆனார். இவை தமிழ்க் குடும்பங்களில் தயக்கமின்றி வழங்கும் பெயர்களாயின.

1995-ஆம் ஆண்டின் பொது மொழிபெயர்ப்பு யோவான், பவுல் என்னும் வடிவங்களை ஏற்றது. சபைகளிடையே ஒற்றுமை காண இது தேவைப்பட்டிருக்கலாம். ஆயினும், கலைச்சொற்களில் தமிழை நாடிய அதே நூல், பெயர்களில் மண்ணின் வடிவங்களைக் கைவிட நேர்ந்தது. பண்பாட்டு ஏற்பு ஒரே திசையில் செல்வதன்று என்பதை இது உணர்த்துகிறது.

5. இசையும் எழுத்தின் அளவும்

தமிழ்ச் சீர்திருத்தச் சபைகளின் வழிபாட்டில் பாமாலை, கீர்த்தனை என இருவகைப் பாடல்கள் உள்ளன. பாமாலைகள் பெரும்பாலும் மேலைநாட்டு மெட்டுகளுக்கு இயைய மொழிபெயர்க்கப்பட்டவை. கீர்த்தனைகள் பல்லவி, அனுபல்லவி, சரணம் என்னும் அமைப்பில் இராக தாளங்களுடன் இயற்றப்பட்டவை. தமிழில் குறிலும் நெடிலும் பொருளை வேறுபடுத்துவன. அயல் மெட்டின் நீண்ட சுரத்தில் குறில் விழும்போது அது நெடிலாக ஒலித்துப் பொருள் மங்குகிறது. கீர்த்தனையிலும் இசைநீட்டம் உண்டு. எனினும் அங்குப் பாட்டும் மெட்டும் ஒன்றையொன்று தழுவிப் பிறப்பதால் இடர் குறைவு. தஞ்சை வேதநாயக சாஸ்திரியாரின் (1774-1864) பாடல்கள் மக்கள் நாவில் நிலைத்தமைக்கு இதுவும் ஒரு காரணம் எனலாம்.

6. எவருடைய பண்பாடு?

இங்கு ஒரு கடினமான வினா எழுகிறது. மண்ணின் பண்பாடு என்பது யாருடைய பண்பாடு?

1606-இல் மதுரைக்கு வந்த இராபர்ட் தெ நொபிலி காவியுடுத்து, தமிழும் வடமொழியும் கற்று, துறவியாக வாழ்ந்தார். பூணூல், குடுமி, சந்தனம் ஆகியவை சமயச் சின்னங்கள் அல்ல, சமூக வழக்கங்களே என்பது அவருடைய வாதம். 1623-இல் திருத்தந்தை அவற்றிற்கு இசைவளித்தார். ஆனால் அச்சமூக வழக்கங்கள் சாதிப் படிநிலையின் அடையாளங்களாகவும் இருந்தன. உலகியல் என்று சொல்லப்பட்டது நடுநிலையானதாக இல்லை.

1820-களின் இறுதியில் தஞ்சையில் எழுந்த பூசலிலும் இச்சிக்கல் தெரிகிறது. வேதநாயக சாஸ்திரியாரும் அவரைச் சார்ந்தோரும் புதிய மிஷனரிமாரின் செயல்கள் சிலவற்றை எதிர்த்தனர். பழகிய வேதபாடத்தைத் திருத்துதல், மங்கல நிகழ்ச்சிகளில் பூவை விலக்குதல், கோயிலில் தமிழ்ப் பாடல்களைத் தடுத்தல் ஆகியவற்றோடு, நற்கருணையில் எல்லாச் சாதியாரையும் ஒன்றாக்குவதும் அவர்களுடைய குறைகளுள் ஒன்றாக இடம்பெற்றது. பூவையும் பாட்டையும் காக்க எழுந்த அதே குரல் சாதி வேறுபாட்டையும் காக்க முனைந்தது. பண்பாட்டைப் பேணுவோர் எதைப் பேணுகிறோம் என்று பகுத்தறிய வேண்டியதன் தேவையை இதனினும் தெளிவாகக் காட்டும் சான்று அரிது.

இதற்கு மறுமுனையில் நிற்பவர் ‘பறட்டை’ என அறியப்பட்ட தியாபிலஸ் அப்பாவு (1940-2005). மதுரைத் தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் பணியாற்றிய அவர், வழிபாட்டிற்கு நாட்டுப்புற இசையையும் பேச்சுத் தமிழையும் தேர்ந்தார். இறைவனை விளிக்க அவர் ஆண்ட சொற்களுள் ஒன்று ‘பெத்தவரே’ என்பது. இதன் இலக்கணம் நோக்கத்தக்கது. பெற்றவர் என்பது உயர்வுப்பன்மை வடிவம். ஆண், பெண் பால் காட்டாதது. எனவே பிதா என்னும் சொல் தராத தாய்மைப் பொருளையும் அது உள்ளடக்குகிறது. பேச்சு வடிவில் நிற்பதால், எழுதப் படிக்க அறியாதவரும் அதனைத் தம் சொல்லாகவே உணர்வர். ஒரே சொல்லில் மதிப்பும் நெருக்கமும் பால் பொதுமையும் அமைகின்றன.

7. முடிவுரை

மேற்கண்டவற்றிலிருந்து மூன்று கருத்துகள் பெறப்படுகின்றன. முதலாவது, சமயச் சொற்களுக்கும் உலகியற் சொற்களுக்கும் இடையே நிலையான வேலி இல்லை. இரண்டாவது, குழுக்கள் ஆக்கும் சொற்களும் மக்கள் வழங்கும் சொற்களும் எப்போதும் ஒன்றாவதில்லை. ஏட்டில் திருப்பலி என்றிருக்க, ‘பூசைக்குப் போகிறேன்’ என்று கூறுவோர் இன்றும் உளர். இதனைப் பிழை என்று ஒதுக்குவதைவிட வழக்கின் வலிமை என்று கொள்வதே மொழியியலுக்கு ஏற்றது. மூன்றாவது, ஒரு மண்ணின் மொழி என்பது பல குரல்களால் ஆனது. அவற்றுள் எதனைத் தேர்ந்தெடுக்கிறோம் என்பது மொழியியல் வினா மட்டுமன்று, நீதி பற்றிய வினாவும் ஆகும்.

நெல்லை, தூத்துக்குடிப் பகுதிச் சபைகளில் ஊர் கூடி உண்ணும் விருந்து ‘அசனம்’ எனப்படும். உண்ணுதலைக் குறிக்கும் வடசொல் அது. இன்று அவ்வூர்ப் பேச்சில் கரைந்துவிட்டது. அயலார் அதன் பொருளை வினவலாம். பந்தியில் அமர்ந்திருப்போர்க்கு விளக்கம் தேவைப்படுவதில்லை. அவ்வாறு விளக்கம் வேண்டாத சொற்கள் ஒரு சமுதாயத்தில் எத்தனை உள்ளன என்பதும், அவற்றைச் சொல்லும் உரிமை அங்கு எல்லார்க்கும் உள்ளதா என்பதும் இனிவரும் கள ஆய்வுகள் காண வேண்டியவை.