எட்டும் ஆறும்

ஆங்கிலக் கவிதையில் ‘காமன் மீட்டர்’ என்றொரு பழைய யாப்பு உண்டு. நான்கு அடிகள். முதலடியில் எட்டு அசை, அடுத்ததில் ஆறு, மறுபடி எட்டு, மறுபடி ஆறு. இரண்டாம் அடியும் நான்காம் அடியும் ஒரே ஓசையில் முடியும்.

இதன் அருமை இசையில்தான் இருக்கிறது. இந்த அளவில் எழுதிய எந்தப் பாட்டையும் இதே அளவுக்கு அமைந்த எந்த மெட்டிலும் பாடலாம். 1650-இல் ஸ்காட்லாந்துத் திருச்சபை வெளியிட்ட, பைபிளின் சங்கீதங்களைப் பாட்டாக்கிய புத்தகத்தில் பெரும்பாலானவை இந்த யாப்பில் அமைந்தவை. அதனால் பன்னிரண்டு மெட்டு தெரிந்தாலே போதும், சபையார் ஏறக்குறைய முழுப் புத்தகத்தையும் பாடிவிடலாம். எளிய மக்களை மனதில் வைத்த ஏற்பாடு இது!

ஜான் நியூட்டன் என்பவர் இதே யாப்பில் எழுதிய ‘அமேசிங் கிரேஸ்’ என்ற துதிப்பாடல் 1779-இல் அச்சேறியது. இன்று உலகமே முணுமுணுக்கும் மெட்டு அதனுடன் சேர்ந்தது 1835-இல், வில்லியம் வாக்கர் தொகுத்த ‘சதர்ன் ஹார்மனி’ நூலில்தான்.

அமெரிக்கக் கவிஞர் எமிலி டிக்கின்சனும் இந்தத் துதிப்பாடல் யாப்பையே பெரிதும் கையாண்டார். ஆனால் இயைபை அடிக்கடி முழுமையாகப் பொருந்தவிடாமல் வைத்தார். பக்திக்குப் பழகிய அந்தத் தாளத்தில் மரணத்தையும் ஐயத்தையும் பாடினார். அது பெரிய துணிச்சல்.