டியூலிப் இலைகளை வெட்டாதீர்கள்

மே மாதத்தில் ஸ்காபரோ வீட்டு முற்றங்களில் டியூலிப் பூத்து நிற்பதைப் பார்த்து ஆசைப்பட்டு, அன்றைக்கே கிழங்கு வாங்கக் கடைக்கு ஓடுபவர்கள் உண்டு. அப்போது கிழங்கு கிடைக்காது. நடுகிற காலம் செப்டெம்பர் கடைசியில் தொடங்கி நிலம் உறையும்வரை. ரொறன்ரோவில் எனக்குப் பிடித்தது ஒக்டோபர் நடுப்பகுதி. மேப்பிள் இலைகள் கொட்டத் தொடங்கியிருக்கும், மண்ணில் கை வைத்தால் சில்லென்று இருக்கும். சூடு ஆறாத மண்ணில் கிழங்கு எளிதில் அழுகிப்போகும்.

கிழங்கு பார்வைக்குச் சின்ன வெங்காயத்தைப் போல, தவிட்டு நிறத் தோலோடு இருக்கும். அதை நெடுக்காகப் பிளந்தால் அடுத்த வசந்தத்தில் மலரப்போகும் பூ இம்மியளவில் உள்ளே இருப்பதைக் காணலாம். அந்தப் பூ வெளியே வர 12 முதல் 16 வாரம் குளிர் வேண்டும், 9 பாகை செல்சியஸோ அதற்கும் கீழோ. குளிர் போதாவிட்டால் காம்பு நீளாது. மொட்டு இலைகளுக்குள்ளேயே கருகிவிடும். ஊருக்குப் போகும்போது “இரண்டு கிழங்கு கொண்டு வாங்கோ” என்று தங்கை கேட்பாள். நுவரெலியாக் குளிரே இதற்குக் காணாது, யாழ்ப்பாணத்துக்கு எங்கே போவது? குளிர்சாதனப் பெட்டியில் வைத்து ஏமாற்றி ஒருமுறை பூக்க வைக்கலாம். அப்போதும் பக்கத்தில் ஆப்பிள் இருக்கக்கூடாது. பழத்திலிருந்து வரும் எத்திலீன் வாயு உள்ளிருக்கும் மொட்டைக் கொன்றுவிடும்.

குழியின் ஆழம் கிழங்கின் உயரத்தைப்போல மூன்று மடங்கு, அதாவது 15 முதல் 20 சென்ரிமீற்றர். கூர்நுனி மேலே பார்க்க வேண்டும். எங்கள் பக்கம் பசைக் களிமண். பனி உருகும் நாட்களில் தண்ணீர் தேங்கினால் கிழங்கு அழுகிவிடும். உறைபனியை அது தாங்கும், ஈரத்தைத் தாங்காது. அதனால் நான் கொம்போஸ்ட் கலந்து பாத்தியை ஒரு சாண் உயர்த்திவிடுவேன். வரிசையாக நடுவதும் எனக்குப் பிடிக்காது. அகலமாக ஒரே குழி தோண்டி, கிழங்குகளைக் கொஞ்சம் இடைவெளி விட்டுக் கூட்டமாக வைத்தால்தான் பூக்கும்போது கண் நிறையும். நட்டதும் ஒரு தடவை நன்றாகத் தண்ணீர் ஊற்றுங்கள். நிலம் உறைவதற்குள் வேர் ஓடிவிட வேண்டும்.

பிறகு கறுப்பு அணில்கள். நட்ட அன்று பின்னேரமே கிளறத் தொடங்கிவிடும். மண்ணுக்கு மேல் கோழிக்கூட்டுக் கம்பிவலையை விரித்து ஓரங்களைப் புதைத்துவிட்டால் முளை வலைக்கண் வழியே வந்துவிடும். சுற்றிவர டஃபடில் நடுவதும் உதவும், அதை அணில் தொடாது. எலும்புத்தூள் போடச் சொல்வார்கள். நான் போடுவதில்லை, அந்த மணத்துக்கு நாயும் வந்து தோண்டும்.

மனிதர்களும் இந்தக் கிழங்கைத் தின்றிருக்கிறார்கள். 1944-45 குளிர்காலத்தில், ஜெர்மன் ஆக்கிரமிப்பின் கீழ் நெதர்லாந்தில் பஞ்சம் வந்தபோது டியூலிப் கிழங்கை அவித்துத்தான் பலர் பசியாறினார்கள். அந்நாட்டு இளவரசி யூலியானா பிள்ளைகளோடு ஒட்டாவாவில் அடைக்கலம் புகுந்திருந்தார். அங்கே 1943 ஜனவரியில் அவருக்கு மார்கிரீத் பிறந்தாள். குழந்தை டச்சுக் குடியுரிமை மட்டும் பெற வேண்டும் என்பதற்காக, பிரசவம் நடக்கும் இடம் கனடிய மண்ணாகக் கணக்கிடப்படாது என்று அரசு அறிவித்தது. போர் முடிந்த 1945இல் நெதர்லாந்து ஒரு லட்சம் கிழங்குகளை நன்றியாக அனுப்பியது. கிழங்கைத் தின்று உயிர் தப்பிய நாடு, மறு குளிர்காலம் வருமுன் அதையே அள்ளிக் கொடுத்திருக்கிறது. போருக்குத் தப்பி இந்த நாட்டுக்கு வந்தவள் என்பதால், ஒட்டாவாவில் அந்தப் பூக்களுக்கு முன்னால் நிற்கும்போதெல்லாம் எனக்குத் தொண்டை அடைக்கும்.

பூ உதிர்ந்த பிறகுதான் பலர் டியூலிப்பைக் கொல்கிறார்கள். புல் வெட்ட வரும் பெடியன் ஒவ்வொரு ஆண்டும் கேட்பான்: “அன்ரி, இந்த இலையெல்லாம் வாடிப்போச்சு, வெட்டிவிடட்டோ?” “வேண்டாம் தம்பி, விடு” என்பேன். நட்ட கிழங்கு பூத்து முடிந்ததும் கரைந்துபோகும். அதன் இடத்தில் குட்டிக் கிழங்குகள் உருவாகும்; அவை பருக்க வேண்டிய உணவு முழுவதையும் இந்த இலைகள்தான் சமைக்கின்றன. விதை பிடிக்காமல் பூத்தலையை மட்டும் கிள்ளிவிட்டு, ஆறு வாரமாவது இலையை விட்டுவைக்க வேண்டும். முடிச்சுப் போடவும் கூடாது, வெயில் படாது. அழகு கெடுகிறதென்றால் முன்னால் ஹோஸ்டா நடுங்கள், அதன் அகன்ற இலை மறைத்துவிடும்.

எல்லா வகையும் மறு ஆண்டு பூக்காது. அடுக்கு இதழ் வகைகளை நம்ப முடியாது. அப்பல்டோர்ன் போன்ற டார்வின் கலப்பினங்கள் பல ஆண்டுகள் திரும்பி வரும், பூவும் பெரிது.

ஜூலை அளவில் இலை பழுப்பாகி, மெல்ல இழுத்தாலே கையோடு வரும். அப்போது எடுத்துவிடலாம். டியூலிப்பின் பூர்வீகம் மத்திய ஆசியாவின் மலைகள். அங்கே கோடை வறண்டது. உறங்கும் கிழங்குக்குத் தண்ணீர் வேண்டாம். தினம் தண்ணீர் கேட்கும் கத்தரியையும் தக்காளியையும் வேறு பாத்தியில் வையுங்கள்.