உறைபனியும் உதவித்தொகையும்



விடியற்காலையில் மழை பிடித்துக்கொண்டால் பால்மரத்தில் வெட்டு இல்லை என்பது தோட்டத்துச் சிறு பிள்ளைக்கும் தெரியும். மரத்திற்குச் சேதமில்லை, போனது அன்றைய வேலை. இயற்கை கெடுத்த நாளுக்கு ஈடு யாருக்குக் கிடைக்கிறது? அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில், துலேரி கவுண்டியில் நடந்ததைக் கொண்டு இதைப் பார்ப்போம். கவுண்டி என்பது நம் மாவட்டம் போன்ற ஒரு பிரிவு.

துலேரி, ஆரஞ்சு விளையும் பூமி. 2007 ஜனவரி நடுவில், பழம் பறிக்கும் பருவத்திலேயே, பல இரவுகள் தொடர்ந்து உறைபனி கண்டது. தோட்டக்காரர்கள் மரத்தடியில் நீர் பாய்ச்சினார்கள். பெரிய காற்றாடிகளைச் சுழலவிட்டு, மேலிருந்த வெப்பக் காற்றைக் கீழே இறக்கினார்கள். போதவில்லை. உறைந்த ஆரஞ்சு பார்வைக்கு நல்ல பழமாகவே இருக்கும்; உள்ளே சாறுப்பைகள் வெடித்து, சில வாரங்களில் வறண்டு சக்கையாகிவிடும். அறுத்துப் பார்த்தால்தான் தெரியும். மாநிலம் முழுவதும் சேதம் 100 கோடி டாலருக்கு மேல் என மதிப்பிட்டார்கள்.

அந்நாட்டில் விவசாயத் துறைக்குக் கவுண்டி அளவில் அலுவலகங்கள் உண்டு. அங்கே, அவ்வட்டார விவசாயிகளே வாக்களித்துத் தேர்ந்தெடுக்கும் குழு ஒன்று இருக்கிறது. உதவிக்கு மனுச் செய்ய வேண்டிய இடம் அது. 2007 மே மாதச் சட்டப்படி, விளைச்சலில் நூற்றுக்கு 35 பங்குக்கு மேல் இழந்தவருக்கே பணம். பயிருக்கு முன்பே காப்புறுதி எடுத்திருக்க வேண்டும். காப்புறுதி கிடைக்காத பயிரானால், அதற்கென உள்ள அரசாங்கத் திட்டத்தில் பதிந்திருக்க வேண்டும். 2005, 2006, 2007 ஆகிய மூன்றில் ஓர் ஆண்டின் நட்டத்திற்கு மட்டுமே கேட்கலாம். பனி விழுந்த பிறகு ஓடிப்போய்ப் பத்திரம் தேடியவருக்கு அங்கே வழியில்லை.

இன்னொரு நிபந்தனைதான் நம் காதில் உறைக்கிறது. பயிரின் லாப நட்டத்தில் பங்குள்ளவரே விவசாயி. ஏணி வைத்து ஏறி, பெட்டிக் கணக்கில் கூலி பெற்றுப் பழம் பறித்தவருக்கு இத்தொகையில் ஒரு காசும் இல்லை. பழம் போனது முதலாளிக்கு. வேலை போனது இவருக்கு!

தொழிலாளிக்கு வேறு வாசல் உண்டு. முதலில் மாநிலத்தின் சாதாரண வேலையிழப்புக் காப்புறுதி. அதற்குத் தகுதியில்லாதவருக்கு, பேரிடர் வேலையிழப்பு உதவி. ஆனால் அதிபர் பேரிடர் என்று அறிவித்தால்தான் இந்த இரண்டாவது வாசல் திறக்கும். ஜனவரியில் விழுந்த பனிக்கு அறிவிப்பு வந்ததோ மார்ச் மாதத்தில். இரண்டு மாத மளிகைக் கடனை எண்ணிப் பாருங்கள். அறிவிப்பு வந்தபின் 30 நாளுக்குள் மனுக் கொடுக்க வேண்டும் என்பது அன்றைய விதி. மனுக் கொடுத்த 21 நாளுக்குள் வேலை செய்ததற்கும் கூலி வாங்கியதற்கும் சான்று காட்ட வேண்டும். ஒரே பருவத்தில் இரண்டு மூன்று ஒப்பந்தக்காரரிடம் வேலை பார்த்தவர், சம்பளச் சீட்டைப் பத்திரப்படுத்தாமல் இருந்தால் என்ன காட்டுவார்?

பழம் பறிப்போரில் பலர் மெக்சிகோவிலிருந்து வந்தவர்கள். அவர்களில் குடிநுழைவுப் பத்திரம் இல்லாதவர் ஏராளம். அவர்களுக்கு இரண்டு வாசலும் அடைப்பு. தர்ம அமைப்புகள் கொடுத்த உணவுப் பெட்டி அவர்களுக்கு உதவியது. குளிர்காலத்து ஆரஞ்சில் அடுத்த பறிப்பு நவம்பர் வாக்கில்தான்.