ஒரே உரல், இரண்டு உலக்கை

மயிலாப்பூர் வீட்டுக்கு அக்கா மகன் ஒரு பழைய பிபிசி மைக்ரோ கம்ப்யூட்டரைத் தூக்கிக்கொண்டு வந்தான். 1984இல் ‘கிளாஸ்’ என்ற கணினிக் கல்வித் திட்டத்தின்கீழ் நம் பள்ளிகளுக்கு வந்த ரகம். மொகாலியில் எஸ்.சி.எல். நிறுவனம் இதையே ‘யூனிகார்ன்’ என்ற பெயரில் கொடுத்தது.

“ரிச்சி தெருவுல 20 மெகாஹெர்ட்ஸ் கிரிஸ்டல் வாங்கிட்டேன் மாமா. உள்ள இருக்கிறது 16. மாத்திட்டா ஸ்பீடு கூடும்ல?”

“முதல்ல டீயைக் குடி.”

கூடும்தான். இயந்திரத்துக்குத் தாளம் போடுவது கிரிஸ்டல்தான். அதன் 16ஐ எட்டால் வகுத்து, 2 மெகாஹெர்ட்ஸில் ஓடுகிறது உள்ளே இருக்கும் 6502 பிராசசர். 20 போட்டால் இரண்டரை. சிப் ஒருவேளை தாங்கிவிடும். சிக்கல் மெமரியில்.

இரண்டு பேர் ஒரே உரலில் மாற்றி மாற்றி நெல் குத்துவதைப் பார்த்திருப்பீர்கள். ஒரு உலக்கை ஏறும்போது மற்றது இறங்கும். இந்த இயந்திரத்தின் மெமரிதான் அந்த உரல். ஒரு குத்து பிராசசருக்கு, அடுத்த குத்து திரையில் படம் வரைகிற சர்க்யூட்டுக்கு. ஒவ்வொன்றுக்கும் 250 நானோசெகண்ட். கிரிஸ்டலை மாற்றினால் அது 200 ஆகிவிடும். நாற்பது வருஷத்து ரேம் சிப் அதற்குள் பதில் சொல்ல வேண்டும்.

சொன்னாலும் தப்பிக்க முடியாது. டிவிக்குப் போகும் கோடுகளும் அதே கிரிஸ்டலின் கணக்கு: நொடிக்கு 15,625. அது 19,531 ஆனால் பழைய டிவியில் படம் நிற்காது, கிழிந்து ஓடும். ஒலி சிப்புக்கும் அதே தாளம்தான். சுருதி கால் பங்கு ஏறும். அதாவது ஸட்ஜம் போட்டால் அந்தர காந்தாரம் கேட்கும். மயிலாப்பூரில் இதை யார் பொறுத்துக்கொள்வார்கள்?

வடிவமைத்தவர்கள் விவரமானவர்கள். வேகம் வேண்டுமானால் தனி மெமரியோடு இன்னொரு பிராசசரை வெளியே மாட்டிக்கொள்ள ‘ட்யூப்’ என்று ஒரு வாசல் வைத்தார்கள். அதில் மாட்டும் 6502 பெட்டி 3 மெகாஹெர்ட்ஸில் ஓடியது. கீபோர்டையும் திரையையும் பழையது பார்த்துக்கொள்ளும், கணக்கைப் புதியது போடும். 1985இல் முதல் ஆர்ம் சிப்பை ஓட்டிப் பார்த்ததும் இந்த வாசல் வழியாகத்தான். இன்று நம் சட்டைப்பையில் இருக்கும் போனில் அந்தச் சிப்பின் பேரப்பிள்ளை.

பரணில் உங்களிடமும் ஒன்று இருந்தால், கிரிஸ்டல் அப்புறம். பவர் சப்ளையில் மெயின்ஸ் பக்கம் உள்ள பழைய ஃபில்டர் கெப்பாசிட்டர்கள் வெடித்துப் புகை கக்கும். பிளக்கைச் சொருகும் முன் அவற்றை மாற்றிவிடுங்கள்.