அட்டைப் பெட்டிக்குள் ஆங்கிலம்

ஹென்றி மொலைசன் என்ற அமெரிக்கருக்குக் குறுக்கெழுத்துப் புதிர் என்றால் உயிர். சிறு வயதில் படித்த ஆங்கிலச் சொற்கள் அவருக்கு அத்துப்படி. ஆனால் 27 வயதுக்குப் பிறகு ஒரே ஒரு புதுச் சொல்லைக் கற்றுக்கொள்வதுகூடப் பெரும்பாடாகிவிட்டது.

காரணம், 1953-ல் நடந்த ஓர் அறுவை சிகிச்சை. அவருக்குக் கடுமையான வலிப்பு நோய். அதைத் தணிக்க, மூளையின் இரண்டு பக்கமும் கொஞ்சம் கொஞ்சம் அகற்றினார்கள். ஹிப்போகேம்பஸ் என்ற உறுப்பின் பெரும்பகுதியும் அதோடு போய்விட்டது. காதுகளுக்கு நேர் உள்ளே, மூளையின் அடியில் வளைந்து கிடக்கும் சின்ன உறுப்பு அது. வலிப்பு குறைந்தது. ஆனால் சற்றுமுன் பேசிவிட்டுப் போனவர் திரும்பி வந்தால் ஹென்றிக்கு அவர் யாரென்றே தெரியாது.

அவருக்குத் தெரியாத கடினமான ஆங்கிலச் சொற்கள் சிலவற்றைப் பொருளோடு திரும்பத் திரும்பச் சொல்லிக்கொடுத்துப் பார்த்தார்கள் விஞ்ஞானிகள். அந்த ஆய்வு 1988-ல் வெளிவந்தது. அவருக்கு எதுவும் நிற்கவில்லை. பழைய சொற்கள் பத்திரமாக இருந்தன, புதியவை நுழையத்தான் வழியில்லை. சொற்களைச் சேர்த்துவைக்கும் இடம் வேறு, புதிதாக வருவதை வாங்கிப் பதியவைக்கும் இடம் வேறு என்பதை ஹென்றியிடமிருந்துதான் உலகம் தெளிவாகப் புரிந்துகொண்டது. ஹிப்போகேம்பஸ் வாங்கி வைத்ததை மூளையின் மேலடுக்கில் நிலைக்கச் செய்வதில் தூக்கத்துக்கும் பெரிய பங்கு உண்டு. பரீட்சைக்கு முதல் நாள் விடிய விடிய முழித்துப் படிக்கும் அண்ணன்மார்களைப் பார்த்து ஏமாறாதீர்கள்!

சரி, நம் ஹிப்போகேம்பஸ் நன்றாகத்தானே இருக்கிறது? பிறகு ஏன் நேற்று இருபது தடவை சொல்லிப் படித்த 'மெட்டிகுலஸ்' (நுணுக்கமான கவனம் கொண்ட) இன்று காலையில் காணாமல் போகிறது?

இந்தக் கேள்விக்கு விடை தேடித் தன்னையே சோதனை எலியாக்கிக்கொண்டவர் ஹெர்மன் எபிங்ஹவுஸ் என்ற ஜெர்மானியர். பொருள் உள்ள சொற்களைப் படித்தால் முன்பே தெரிந்த விஷயங்கள் உதவிக்கு வந்து கணக்கைக் கெடுத்துவிடும். அதனால் எந்தப் பொருளும் இல்லாத அசைகளைச் சுமார் 2,300 எண்ணிக்கையில் உருவாக்கினார். அவற்றை வரிசை வரிசையாக மனப்பாடம் செய்வார். கொஞ்ச நேரம் விட்டுவிட்டு, அதே வரிசையை மறுபடி படிப்பார். முதல் தடவை ஆன நேரத்தில் இந்தத் தடவை எவ்வளவு மிச்சமாகிறது என்று குறித்துக்கொள்வார். ஆண்டுக்கணக்கில் இதே வேலை! 1885-ல் புத்தகமாக வெளியிட்டார்.

ஒரு மணி நேரம் கழித்துப் படித்தால் பாதிகூட மிச்சமாகவில்லை, 44 சதவீதம்தான். ஒரு நாள் கழித்து 34. ஆனால் ஒரு மாதம் கழித்தும் 21 சதவீதம் மிச்சமானது. முதல் ஒரு மணி நேரத்தில் இழந்ததைவிட, அடுத்த ஒரு மாதம் முழுக்க இழந்தது குறைவு. மறதி முதலில் அவசர அவசரமாக ஓடுகிறது, பிறகு சோம்பேறியாகிவிடுகிறது. எனவே நேற்றுப் படித்த சொல் இன்று வராவிட்டால் உங்கள் மூளையில் கோளாறு ஒன்றும் இல்லை. எபிங்ஹவுஸுக்கும் அப்படித்தான்.

அவர் கண்டுபிடித்த இன்னொன்றுதான் நமக்கு அதிகம் வேண்டியது. பன்னிரண்டு அசை கொண்ட ஒரு வரிசையை ஒரே மூச்சில் 68 தடவை படித்தார். மறுநாள் அதனால் கிடைத்த பலனுக்குக் கொஞ்சமும் குறையாத பலன், மூன்று நாளில் பிரித்து 38 தடவை படித்ததில் கிடைத்தது. உழைப்பு ஏறக்குறைய பாதி! ஒரே நாளில் மக்கப் அடிப்பவர்கள் இந்தக் கணக்கை ஒருமுறை யோசிக்கலாம்.

இடைவெளி விட்டால் போதுமா? அந்த இடைவெளிக்குப் பிறகு என்ன செய்கிறோம் என்பதும் முக்கியம். 2008-ல் ஜெஃப்ரி கார்பிக், ஹென்றி ரோடிகர் என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். கல்லூரி மாணவர்கள் ஆப்பிரிக்காவின் சுவாஹிலி மொழியில் 40 சொற்களைக் கற்க வேண்டும். 'மஷுவா' என்றால் படகு என்பதுபோல. முதலில் எல்லோரும் பட்டியலைப் படித்தார்கள், பிறகு தேர்வு எழுதினார்கள், மறுபடி படித்தார்கள், மறுபடி எழுதினார்கள். ஒரு சொல்லைச் சரியாகச் சொன்ன பிறகு நடந்ததில்தான் வித்தியாசம். ஒரு குழுவினர் அந்தச் சொல்லைத் தொடர்ந்து படித்தார்கள், ஆனால் அதில் தேர்வு கிடையாது. இன்னொரு குழுவினர் அதைத் திரும்பப் படிக்கவே இல்லை, தேர்வு மட்டும் தொடர்ந்தது.

ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது, படித்துக்கொண்டே இருந்தவர்களுக்கு நினைவில் இருந்தது சுமார் 36 சதவீதம். தேர்வு எழுதிக்கொண்டே இருந்தவர்களுக்கு 80 சதவீதம். இதில் வேடிக்கை என்னவென்றால், ஒரு வாரம் கழித்து எவ்வளவு நினைவிருக்கும் என்று முன்கூட்டியே கேட்டபோது இரண்டு குழுவினருமே பாதியளவு என்றுதான் சொன்னார்கள். புத்தகத்தைத் திறந்துவைத்துப் படிக்கும்போது எல்லாம் தெரிந்த மாதிரி இருக்கும். அந்த நினைப்பை நம்பக் கூடாது. மூடிவைத்துவிட்டு, தலையைச் சொறிந்து, 'அது என்ன... ம்ம்...' என்று தவித்து வெளியே இழுக்கிறோமே, அந்தத் தவிப்புதான் சொல்லை நிலைக்கவைக்கிறது.

இடைவெளி, தவிப்பு இரண்டையும் ஒரு பெட்டிக்குள் அடைத்தவர் செபாஸ்டியன் லைட்னர் என்ற ஜெர்மன் அறிவியல் எழுத்தாளர். 1972-ல் எழுதிய புத்தகத்தில் அதை விளக்கினார். நீங்களும் செய்யலாம். ஒரு ஷூ டப்பாவை ஐந்து அறையாகத் தடுத்துக்கொள்ளுங்கள். பழைய கல்யாணப் பத்திரிகைகளின் வெற்றுப் பக்கங்களை ஒரே அளவில் வெட்டி இரண்டிரண்டாக ஒட்டினால் அருமையான அட்டைகள் கிடைக்கும். ஒரு பக்கம் ஆங்கிலச் சொல், மறுபக்கம் அதன் பொருள். புது அட்டைகள் எல்லாம் முதல் அறையில். அதைத் தினமும் எடுத்துப் பாருங்கள். சரியாகச் சொன்னால் அட்டை இரண்டாம் அறைக்குப் போகும். அதைத் தொட மூன்று நாள் ஆகும். மூன்றாவது அறை வாரம் ஒருமுறை, நான்காவது இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, ஐந்தாவது மாதம் ஒருமுறை. எந்த அறையில் தவறினாலும் அட்டை முதல் அறைக்கே திரும்ப வேண்டும், சலுகை கிடையாது. தெரிந்த சொல் உங்கள் நேரத்தைத் தின்னாது, தெரியாதது உங்களை விடாது. கைபேசியில் சொல் கற்பிக்கும் செயலிகள் பலவும் இதுபோன்ற கணக்கைத்தான் உள்ளே ஓட்டுகின்றன.

சொற்களை எங்கிருந்து எடுப்பது? 'ஆயிரம் கடினச் சொற்கள்' என்று விற்கும் புத்தகங்களை நான் சிபாரிசு செய்ய மாட்டேன். வாங்கியவர்கள் பெரும்பாலும் 'ஏ'-யில் தொடங்கும் சொற்களோடு நின்றுவிடுகிறார்கள். நீங்கள் படிக்கும் கதையில், பாடத்தில் இடறும் சொல்லை எடுங்கள். ஒரு நாளைக்கு ஐந்து தாராளம்.

நீளமான சொல் வந்தால் பிரித்துப் பாருங்கள். 2023-ல் அமெரிக்கத் தேசிய ஸ்பெல்லிங் பீ போட்டியின் கடைசிச் சொல் 'சாமொஃபைல்'. 'சாமோ' என்றால் மணலா, 'ஃபைல்' என்றால் விரும்புவதா, இரண்டும் கிரேக்கமா என்று கேட்டு உறுதிசெய்துகொண்டு, வென்ற 14 வயது மாணவர் எழுத்துகளைச் சொன்னார். மணலில் வாழ விரும்பும் உயிர் என்று பொருள். அந்த 'ஃபைல்' தெரிந்துவிட்டால், வெந்நீர் ஊற்றில் வாழும் 'தெர்மோஃபைல்' நுண்ணுயிரும் உப்பளத்தில் வாழும் 'ஹாலோஃபைல்' நுண்ணுயிரும் உயிரியல் பாடத்தில் வரும்போது பாதி வேலை முடிந்திருக்கும்.

எபிங்ஹவுஸ் பொருளற்ற அசைகளோடு மட்டும் மல்லுக்கட்டவில்லை. ஆங்கிலக் கவிஞர் பைரனின் கவிதைப் பகுதிகளையும் மனப்பாடம் செய்து பார்த்தார். பொருளும் சந்தமும் சேர்ந்ததால், அசைகளுக்குச் செலவிட்ட உழைப்பில் பத்தில் ஒரு பங்கே போதுமானதாக இருந்தது. அதனால் அட்டையில் பொருளை மட்டும் எழுதாமல், அந்தச் சொல் வரும் ஒரு வாக்கியத்தையும் எழுதுங்கள், உங்கள் வீட்டு ஆட்களை வைத்தே. பாட்டி அரிசியில் கல் பொறுக்கும் விதம் 'மெட்டிகுலஸ்' என்று எழுதிவிட்டால் அது எங்கே ஓடப் போகிறது? அப்படியும் மூன்று தடவை முதல் அறைக்கே திரும்பிவரும் அட்டையைக் கிழித்துப் போட்டுவிட்டு, வேறு வாக்கியத்தோடு புதிதாக எழுதுங்கள்.