சயனைட் மேட்டுக்கு எதிரே ஒரு தொட்டில்

குழந்தைக்கு அறை தயார் செய்கிறோம் என்றதும் கடைக்காரர் மூங்கில் கட்டில், ஆர்கானிக் பருத்தி மெத்தை, வாசனையில்லாத பெயின்ட் என்று அடுக்கிக்கொண்டே போவார். கோலார் தங்கவயல் மைசூர் மைன்ஸ் பகுதியில் சுரங்கத் தொழிலாளருக்காக வரிசையாகக் கட்டிய லைன் வீட்டுக்காரருக்கு அதில் பாதி பயன்படாது. அங்கே பல வீடுகளில் தனி அறை ஏது? சமையலுக்கும் படுக்கைக்கும் நடுவே ஒரு மூலைதான் குழந்தையுடைய அறை. அந்த மூலைக்குள் முதலில் வருவது புழுதி.

1880இல் தங்கச் சுரங்கம் நடத்த ஜான் டெய்லர் கம்பெனி வந்தது. 2001 பிப்ரவரி 28இல் சுரங்கம் மூடப்பட்டது. இடைப்பட்ட காலத்தில் பாறையை மாவாக இடித்து, சயனைட் கரைசலில் தங்கத்தைப் பிரித்துவிட்டுக் கொட்டிய மண் சுமார் 3.3 கோடி டன்; அது குவிந்து நிற்பதுதான் சயனைட் மேடு. ஆடிக் காற்று அடித்தால் அந்த மண் ஊருக்குள் வருகிறது. பெயரைக் கேட்டு எல்லோரும் சயனைடுக்குத்தான் பயப்படுகிறார்கள். ஆனால் தனித்து நிற்கும் சயனைட் வெயிலிலும் காற்றிலும் மெல்லச் சிதைந்துவிடும். இரும்போடு பிணைந்தது மட்டும் நெடுநாள் தங்கும். சிதையவே சிதையாதது இடிபட்ட குவார்ட்ஸ், அதாவது சிலிக்கா. 1940களில் இங்கே நடந்த ஆய்வில், பரிசோதிக்கப்பட்ட தொழிலாளர்களில் பத்தில் நான்கு பேருக்கு மேல், சிலிக்கா தூளால் வரும் நுரையீரல் நோயான சிலிகோசிஸ் இருந்தது. வீட்டுப் புழுதியைச் சுரங்கப் புழுதியோடு ஒப்பிடக் கூடாது; அளவு வெகு குறைவு. ஆனால் பெரியவர் நிமிடத்துக்கு 12 முதல் 20 முறை மூச்சு விடும்போது, பிறந்த குழந்தை 30 முதல் 60 முறை விடுகிறது. தவழத் தொடங்கினால் தரையில் பட்ட கை நேரே வாய்க்குப் போகும்.

ஆகவே செலவே இல்லாத மாற்றம்தான் முதல் மாற்றம்: துடைப்பத்தைக் கீழே வையுங்கள். பெருக்கும்போது பருமணல் முறத்துக்கு வரும். நுண்தூளோ எழும்பி, பாயில் கிடக்கும் பிள்ளையின் மூக்கு உயரத்தில் நெடுநேரம் மிதக்கும். ஈரத்துணியால் துடைத்து, அந்தத் துணியை உடனே அலசிவிட வேண்டும். செருப்பு வாசலோடு நிற்கட்டும். காற்று எழாத விடியற்காலையில் ஜன்னலைத் திறந்துவிட்டு, புழுதி கிளம்பும் நேரத்தில் மேட்டுப் பக்க ஜன்னலை மட்டும் மூடினால் போதும். நாளெல்லாம் அடைத்து வைத்தால் அடுப்புப் புகை உள்ளேயே சுழலும்.

சுவருக்குச் சுண்ணாம்பு அடிப்பதை நான் மனமாரச் சொல்வேன். காற்றிலிருந்து கரியமில வாயுவை வாங்கிக்கொண்டு இறுகும், விலையும் குறைவு. பழைய பெயின்ட் உரிந்தால் உப்புத்தாள் போட்டு உலர்வாகத் தேய்க்காதீர்கள். அதில் ஈயம் இருக்கலாம். வீட்டுப் பெயின்டில் ஈயம் 90 பிபிஎம்மைத் தாண்டக் கூடாது என்ற விதி 2017 நவம்பரில்தான் அமலுக்கு வந்தது. கூரை ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் என்றால் அதைத் துளைக்கவோ சுரண்டவோ வேண்டாம்.

கொசுவர்த்திச் சுருளை அணையுங்கள், வலை கட்டுங்கள். 2003இல் வெளியான ஓர் ஆய்வின்படி ஒரு சுருள் எரிந்து வெளிவிடும் நுண்துகள், 75 முதல் 137 சிகரெட் புகைத்ததற்குச் சமம். தூளியை விட மனம் வராது, எனக்கும் வராது. பெரியவர் கண்ணெதிரே ஆட்டித் தூங்கவைத்து, பிறகு தட்டையான கெட்டி மெத்தையில் மல்லாத்திப் படுக்க வையுங்கள். தூளியில் உடல் வளைந்து தாடை நெஞ்சில் அழுந்தினால் மூச்சுக்குத் தடை. தலையணையும் பொம்மையும் முதல் வருடம் வேண்டவே வேண்டாம்.

இத்தனைக்கும் பிறகு ஒன்று வீட்டுக்காரர் கையில் இல்லை. அங்குள்ள 13 மேடுகளை மீண்டும் தோண்டித் தங்கம் எடுக்கும் திட்டத்துக்குக் கர்நாடக அமைச்சரவை 2024 ஜூனில் ஒப்புதல் தந்தது. பல ஆண்டாக இறுகிக் கிடக்கும் மேற்பரப்பைக் கிளறினால் தூள் புதிதாகக் கிளம்பும். தண்ணீர் தெளிப்பதையும், லாரிகளைத் தார்ப்பாயால் மூடுவதையும், ஆடி மாதத்தில் வேலையைக் குறைப்பதையும் ஒப்பந்தத்திலேயே எழுதி வைக்க வேண்டும். தோண்டும் இடத்தில் மட்டுமல்ல, லைன் வீடுகள் நடுவிலும் தூசி அளக்கும் கருவி நிற்க வேண்டும்.